சட்டை உரித்த சிலந்தி

உத்திரமேரூர்,
13.8.1979

அன்புள்ள வாசுகிக்கு,

நலம். உன் இருமல் நின்றதா? அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஆராய்ச்சிக்காக ஏரிக்கரையில் பிடித்த பெருஞ்சிலந்தியை அறையில் பாட்டிலில் வைத்திருக்கிறேன். பயப்படாதே, மூடி இறுக்கம். அதைக் கொன்று அறுத்துப் பார்த்தால்தான் இன்ன இனம் என்று சொல்ல முடியும். ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டேன்.

நேற்று மல்லாந்து கிடந்தது.

"இன்னா சார், உங்க கூட்டாளி பூட்டாரா?" என்றார் வீட்டுக்காரம்மா கோவிந்தம்மாள்.

ஸ்பிரிட்டில் போட எடுத்தேன். கால் அசைந்தது. சாகவில்லை, தோல் உரித்துக்கொண்டிருந்தது. பெண் சிலந்தி. பெண்ணுக்கு, இனத்தைக் காட்டும் உள்ளுறுப்பின் அச்சு உரிந்த தோலிலேயே இருக்கும். இனம் தெரிந்துவிட்டது. இனி கொல்ல வேண்டாம், கரையில் விட்டுவிடலாம்.

இன்று காலை பாட்டிலோடு ஏரிவரை போனேன். விடாமல் திரும்பிவிட்டேன். அறையில் எனக்கு வேறு துணை இல்லை.

கார்டு வேண்டாம், இன்லண்டில், எல்லாப் பக்கமும் நிரப்பி எழுது. தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

உன்,
ஞானசேகரன்