கூட்ஸ் வண்டிப் படம்

பங்குனி 9, வியாழன்

வெயில். இருட்டிய பிறகும் ராஜகிரிப் பாறை அனல் விடுகிறது. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சவர பிளேடு. ரேஷனில் மறுபடியும் மைலோச் சோளம்தான். தபால் எதுவும் இல்லை. எனக்கு யார் போடப் போகிறார்கள்?

டெண்டு கொட்டாய் மேனேஜர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தமிழ்ப் படப் பெட்டி வரவில்லையாம், ஏதோ பழைய இங்கிலீஷ் படம்தான் வந்திருக்கிறதாம். "யாருக்கும் புரியாது சார். நீங்க மைக்குல கதைய சொல்லிட்டே வந்தீங்கன்னா தரை டிக்கெட்டாவது தேறும்." மூன்று நாள். சரி என்றேன். சாயங்காலத்தில் பேச ஆள் கிடைத்தது போல் ஆயிற்று.

பங்குனி 10, வெள்ளி

முதல் ஆட்டம். படத்தில் பஞ்ச காலம். வேலை கிடைக்காத ஆண்கள் கூட்ஸ் வண்டியில் திருட்டுத்தனமாக ஏறி ஊர் ஊராக அலைகிறார்கள். ரயிலே வராத செஞ்சியில் இந்தக் கதை! திரையில் வண்டி வந்ததும் மணலில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். மைக்கில் என் குரல் எனக்கே பிடித்திருந்தது. கடைசியில் கதாநாயகன் தண்டவாளத்து ஓரம் குப்புற விழுந்து கிடக்கிறான். தொப்பி தனியாக. "செத்துவிட்டான்" என்றேன், வகுப்பில் பாடம் சொல்வது போல.

முன்னால் தட்டு கவிழ்ந்த சத்தம். மல்லாட்டை விற்கும் அஞ்சலை. இந்தப் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். சிதறியதைப் பொறுக்காமலே போய்விட்டாள்.

மேனேஜர் சொன்னார்: "அவ புருஷன் மழ பொய்ச்ச வருசம் திண்டிவனத்துல கூட்ஸ் ஏறிப் போனவன் சார். இன்னும் ஒரு தகவலும் இல்ல."

எனக்கு எப்படித் தெரியும்?

பங்குனி 11, சனி

இன்று மாற்றிச் சொன்னேன். "களைத்துப்போய்த் தூங்குகிறான். விடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவான்." ஒரே சிரிப்பு. "இன்னா சார், நேத்து செத்துட்டான்னியே!" விசில் வேறு. மேனேஜருக்குக் கோபம். "படத்துல இருக்கறத சொல்லுங்க. இல்லன்னா மைக்க வெச்சிட்டுப் போங்க."

வெளியே அஞ்சலை நின்றிருந்தாள். ஒரு பொட்டலம் கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றாள்.

"எனக்கோசரமா சார் பொய் சொன்னீங்க?"

பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"அதுவும் அலுப்பா வந்தா இப்டித்தான் குப்புறப் படுத்துத் தூங்கும். எழுப்புனா கோவம் வந்துடும்."

புருஷனைத்தான் சொல்கிறாள். பெயர் சொல்ல மாட்டாள்.

அறைக்கு வந்து தனியாக உரித்துத் தின்றேன். எங்கேயோ காணாமல் போன அந்த ஆள் மேல் பொறாமையாக இருந்தது. நான் போய்விட்டால் தேடுவதற்கு, நான் சாப்பிடும் ஹோட்டல்காரர்கூட இல்லை.

பங்குனி 12, ஞாயிறு

துணி துவைத்தேன். பிளேடு வாங்க இன்றும் மறந்தாயிற்று. படத்துக்குக் கடைசி நாள், நல்ல கூட்டம். அஞ்சலை தட்டு இல்லாமல் வந்தாள். டிக்கெட் வாங்கி, முன்னால் மணலில் உட்கார்ந்தாள்.

தண்டவாளம். தொப்பி. மேனேஜர் என்னையே பார்க்கிறார். மைக்கைப் பிடித்தபடி நிற்கிறேன், செத்தான் என்றும் வரவில்லை, தூங்குகிறான் என்றும் வரவில்லை. "சொல்லு சார், இன்னா ஆச்சி அவனுக்கு?" என்று எவனோ கத்தினான்.

அஞ்சலை அவனைத் திரும்பிப் பார்த்தாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"அது தூங்குது. எழுப்பாதீங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை.