மணல்மேட்டில் தூக்கிய கை

வே,

இன்று காலை கரிவலம்வந்தநல்லூரில் உம் வீட்டுக்குப் போயிருந்தேன். பைக்கை நிறுத்தும்போதே உம்மைப் பார்த்துவிட்டேன். மழை வரும் போலிருக்கிறதென்று, உம்முடைய கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸை வைக்கோல் படப்பின் மேல் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். நீர் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தீர். கூலிங்கிளாஸ், பின்னால் மணல்மேடு, மேலே தூக்கிய வலது கை. "நல்ல கனமான பிளெக்ஸு, வீணாக்க முடியுமா?" என்றார் உம் மச்சினன். அவர் கேட்டது நியாயம்தான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

அந்தப் படத்தை எடுத்தவன் நான். அது போஸ் இல்லை என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாம் பிழைக்கப் போன அந்த வெளிநாட்டுப் பாலைவனத்தில் ஒரு தகர அறை, ஒரு ஜெனரேட்டர், நீர், நான். வேறு ஒரு குருவி கிடையாது. காற்று கொண்டுவந்து ரோட்டில் கொட்டும் மணலை விடிந்ததும் மண்வெட்டியால் தள்ள வேண்டும், எண்ணெய் லாரிகள் போக வேண்டுமே. மறுநாள் அதே மணல் அதே இடத்தில் கிடக்கும். "இது வேலையா வே, சாபம்லா," என்று ஒருநாள் மண்வெட்டியை வீசி எறிந்தேன். நீர் அதை எடுத்துவந்து என் கையில் கொடுத்து, "காத்துக்கு இருக்க ரோசம் நமக்கும் இருக்கட்டும். தள்ளும்," என்றீர்.

போன் சிக்னல் அந்த ஒரு மேட்டின் உச்சியில்தான் கிடைக்கும். வெள்ளிக்கிழமைதோறும் வெயில் ஏறுமுன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவோம். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். கையை இறக்கினால் சிக்னல் போய்விடும் என்று, போனைத் தலைக்கு மேலே தூக்கி ஸ்பீக்கரில் போட்டு, அண்ணாந்தபடியே உம் மகளோடு கத்திப் பேசுவீர். கூலிங்கிளாஸ் கண்ணில் மணல் விழாமலிருக்க. அவள் குரல் கேட்டதும் உம் முகம் மலர்ந்ததே, அப்போது எடுத்த படம் அது. பிளெக்ஸ் கடைக்காரர், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று கையிலிருந்த போனை அழித்துவிட்டார்.

ஒருமுறை உச்சியில் இருக்கும்போதே மணற்புயல் பிடித்துக்கொண்டது. நம் அறை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. உம் துண்டை இரண்டு தலைக்கும் சேர்த்துப் போர்த்தி, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தோம். நான் அழுதேன். "சங்கரன்கோவில் ஆடித்தபசு கூட்டத்துலயே தொலையாதவம்லா நான். இங்கனயா தொலையப் போறேன்?" என்று சிரித்தீர். புயல் ஓய்ந்து கீழே வந்த பிறகு, வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டுச் சத்தியம் வாங்கினீர். "இதெல்லாம் வீட்டுல சொல்லிராதயும் வே. அவியளாவது நிம்மதியாச் சாப்பிடட்டும்."

ஆகவே வீட்டுக்குப் போனதெல்லாம் மேட்டில் எடுத்த படங்கள் மட்டும்தான். முதுகு ஒடிந்து ஊர் திரும்பினீர். குனிய முடியவில்லை என்று நீர் சொன்ன அன்று, ஊர் வந்திருந்த நானும் உம் வீட்டில் இருந்தேன். "எப்பப் பாத்தாலும் மணல்ல வெளையாடிக்கிட்டு ஜாலியாத்தான இருந்தியோ. இங்கன வந்ததும் முதுகு வலிக்கோ?" என்றார் மச்சினன். நீர் என்னை ஒரு பார்வை பார்த்தீர். நான் வாயை மூடிக்கொண்டேன். மறுநாளே புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனீர். அங்கேதான் ஒருநாள் மூட்டையோடு விழுந்தீர், எழுந்திருக்கவில்லை. உம்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை வே. புயலில் வாயை மூடலாம். பெற்ற பிள்ளையிடமும் பெண்டாட்டியிடமும் என்ன ரோசம்?

இன்று உம் மகள் காப்பி கொண்டுவந்தாள். படப்பையே பார்த்துக்கொண்டு நின்றவள், "சித்தப்பா, அப்பா யாருக்கு டாட்டா காட்டுதாங்க?" என்றாள்.

"உனக்குத்தான் மக்கா."

"நான்தான் அங்கன இல்லையே."

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. என் போனை எடுத்து, அழிக்காத படத்தைக் காட்டினேன். மண்வெட்டியில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய்ப் படப்பில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். "ஏட்டி, மழை வருது, வைக்கல் நனையப் போவுது," என்றார் அவள் அம்மா, என் மைனி, உள்ளேயிருந்து.

"நனையட்டும்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மச்சினன் போய் மறுபக்கத்துக் கயிற்றை அவிழ்த்தார். இருவருமாக உம்மை மடித்து வீட்டுக்குள் கொண்டுபோனார்கள்.

உமக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிவிட்டேன். அந்தப் பாரம் சாகும்வரை என்னோடு இருக்கும், இருக்கட்டும். நீர் பயந்தபடியேதான் ஆயிற்று வே. இன்று மத்தியானம் உம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.