நிமிர்த்தாமல் விட்ட வண்டி

நான் வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாவி ஆணியில் தொங்குகிறது. வெளியே போகத் தோன்றினால் பூட்டிவிட்டுப் போங்கள்.

பட்டறை மூடி வேலை போனதிலிருந்து, பாறை ஏறும் அந்த ரிமோட் பொம்மை வண்டியே கதியென்று கிடந்தீர்கள். “என்னையா கட்டிக்கிட்டீங்க, அந்த வண்டியையா?” என்று கேட்டேன். “அச்சையும் சட்டத்தையும் சேக்கிற மேல் லிங்க் கம்பி நீளம் சரியா வந்துட்டா கவிழாது” என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றும் செங்கல் குவியலில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கி, மல்லாந்து விழுந்தது. எப்போதும் உடனே நிமிர்த்தி, லிங்க் கம்பிகளைக் கழற்றி அளப்பீர்கள். நேற்று தொடவே இல்லை. “இனிமே எதுக்கு?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டீர்கள். சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. நான்தான் போய்ச் சுவிட்சை அணைத்தேன். அந்த வண்டியை இத்தனை நாள் கரித்துக் கொட்டியவள் நான். நேற்று அதை நீங்கள் தொடாமல் விட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாலையில் உங்கள் தங்கை வருவாள். கதவையாவது திறந்துவிடுங்கள்.

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். மேல் லிங்க் இரண்டையும் புதுக் கம்பியில் கொஞ்சம் நீளமாக நானே அறுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். அளவு தப்பாகத்தான் இருக்கும். என்னைத் திட்டவாவது எழுந்திருங்கள்.