அலுங்காமல் இறங்கிய விமானம்

வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்க, வேலைக்குக் கிளம்பிய சித்ராதேவி, நைட் ஷிஃப்ட் முடிந்து வரப்போகும் கணவனுக்கு அவசரமாகச் சீட்டு எழுதினாள்.

"ஏனுங்க, தக்காளிக் கொழம்பைச் சூடு பண்ணிக்கோங்க. சாவி பக்கத்து ஊட்டுல இருக்குது.

பனியன் துணி மெசினோட கேஜுக்கு, அதான் ஊசி நெருக்கத்துக்கு, ஏத்த நூல் போடோணும்னு ஆளுங்களுக்குச் சொல்லித்தர்ற நிட்டிங் மாஸ்டர் நீங்க. நீங்க வாங்குன பெரிய ஃபோர்கே மானிட்டருக்கு, கம்ப்யூட்டர்ல படம் ஓட்டுற பழைய கிராபிக்ஸ் கார்டு தாங்காதுன்னு நான் சொன்னா மட்டும், 'உனக்கென்ன தெரியும்'னீங்க. விமான கேம்ல ஒரு மாசமா பிளேன் திக்கித் திக்கிப் பறந்துச்சு. நேத்து நான் சொன்ன பதினாறு ஜிபி கார்டை மாட்டுனதும் வழுக்கிட்டுப் போகுது. ஒரு வார்த்தை பாராட்டுனீங்களா?"

மறுபடியும் ஹாரன். சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"கம்ப்யூட்டரை அணைக்காதீங்க. காலைல அந்த கேமை நானே ஓட்டி, கோயமுத்தூர் ஏர்போர்ட்ல பிளேனை அலுங்காம எறக்கி நிறுத்தியிருக்கேன். நீங்க இன்னும் ஒருக்காகூட மோதாம எறக்குனதில்லீங்க."