பரீட்சைக்கு முந்தின வாரத் தள்ளுபடி

அன்புள்ள அப்பாவுக்கு,

இளமதி எழுதுவது. கோயம்புத்தூரில் நான் நலம். உங்கள் இருமல் நின்றதா? அம்மா மாத்திரையை விடாமல் போடுகிறாளா?

எங்கள் காமிக்ஸ் கடையில் சலுகை விற்பனைக்கு எந்த மாதம் தோது என்று முதலாளி கேட்டார். எல்லோரும் மே லீவு என்றார்கள். நான் முழுப் பரீட்சைக்கு முந்தின வாரம் என்றேன். பழைய காமிக்ஸ் கொடுத்தால் ஜாமெட்ரி பாக்ஸ் இலவசம். லீவு விட்டதும் அதே பிள்ளைகளுக்கு அந்தக் காமிக்ஸையே விற்கலாம்.

எப்படித் தோன்றியது என்று கேட்டார். என் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் நீங்கள் என் காமிக்ஸைக் கிழித்து, விருத்தாசலத்துச் சூளையில் அந்தத் தாள்களில் பீங்கான் பொம்மைகளைச் சுற்றி லாரியில் ஏற்றியதைச் சொன்னேன். "படிக்கிற புள்ளைக்கு எதுக்கு பொம்ம பொஸ்தகம்?" என்று நீங்கள் கேட்டதையும் சொன்னேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்து, சரி என்றார்.

நேற்று ஒருவர் தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். பத்து வயது இருக்கும். காமிக்ஸ் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, "பரீட்சை முடிஞ்சதும் திருப்பித் தருவீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"காசு கொண்டு வந்தா தரேன்" என்றேன்.

அவள் அழுதாள். அவள் அப்பா எனக்கு நன்றி சொன்னார். உங்கள் ஞாபகம் வந்தது.

அறையில் நான் ஒருத்திதான். டீ குடிக்க ஒரு பீங்கான் கப் அனுப்புங்கள், போதும். நிறைய 'பொம்ம பொஸ்தக'ப் பேப்பர் வைத்துச் சுற்றுங்கள். கடை திறக்க நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
இளமதி

கப் உடைந்தாலும் பரவாயில்லை. பேப்பர் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.