இருக்கிற இடமே தெரியாத பிள்ளை

என் அருமைக் கலாவுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. நம் மதி ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உயரத்தில் உன்னைத் தாண்டிவிட்டாள், எடையில்தான் குறைந்துகொண்டே போகிறாள். அதற்குக் காரணம் நான். திட்டுவதென்றால் திட்டு.

நீ போனதும் சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்டையே கேட்டு வாங்கினேன். பள்ளி விட்டு அவள் வரும்போது நான் வீட்டில் இருக்க வேண்டுமே என்ற நினைப்பு. இருந்தேன், கலா. கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன். தூக்கம் கெடுகிறதென்று காலிங் பெல் ஒயரைக்கூடப் பிடுங்கிவிட்டேன். இரவில் மதிக்குத் துணையாக அடுத்த வீட்டு அக்காவை வந்து படுக்கச் சொன்னவனுக்கு, பகலிலும் அவளுக்குத் துணை வேண்டும் என்று தோன்றவில்லை.

குக்கர் விசில் என்னை எழுப்பிவிடும் என்று அவள் பானையில் சோறு வடிக்கப் பழகினாள். டிவியைச் சத்தமில்லாமல் பார்த்தாள். தேடி வந்த தோழிகளை வாசலிலேயே சைகை காட்டித் திருப்பி அனுப்பினாளாம். அக்கா இப்போதுதான் சொல்கிறார். நானோ ஆலத்தியூர் டீக்கடையில், "எம் பொண்ணு இருக்கிற எடமே தெரியாதுப்பா" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். என்ன மனுஷன் நான்?

ஆறு மாதமாக அவளுக்கு வயிற்றுவலி, தலைவலி. சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. அரியலூரில் ரத்தப் பரிசோதனை, பெரம்பலூரில் ஸ்கேன். எதிலும் குறை இல்லை என்றார்கள். போன வாரம் டாக்டரம்மா, "ஸ்கூல் விட்டு வந்தா யார்கூட பேசுவ?" என்று அவளைக் கேட்டார்.

"வூட்ல நான் இருக்கேங்க," என்று முந்திக்கொண்டேன்.

"அவளக் கேட்டேன், சார்."

மதி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா தூங்கும்ங்க."

"வலி பொய்யில்ல சார். தனியாவே கெடந்தா புள்ளைங்க உடம்புல இப்படியும் காட்டும். வாரம் ஒருக்கா கூட்டிட்டு வாங்க, நானும் பேசுறேன்," என்றார் டாக்டரம்மா.

திரும்பும்போது பஸ்ஸில், "நாளைக்கு ஒன் ஃபிரண்ட்ஸக் கூட்டிட்டு வா, பஜ்ஜி போட்டுத் தரேன்," என்றேன்.

"யாரக் கூப்புடுறதுப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை, கலா. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பகல் ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நேற்று அவள் வரும் நேரத்துக்கு எழுந்து, டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள், குசுகுசுவென்று. "நான் முழிச்சிட்டுத்தானே இருக்கேன், சத்தமா பேசும்மா," என்றேன். முயற்சி செய்து பார்த்தாள். அவளுக்கு வரவில்லை.

அவள் குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் வரை நான் தினமும் எழுந்து உட்கார்ந்திருப்பேன். இது உனக்குச் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
மதியின் அப்பா