மீனா விளக்குப் பிடிக்க வேண்டிய வருசம்

10.8.2025, ஞாயிறு

மீனா ஹாஸ்டல்ல இருந்து வந்தா. எங்க வம்சத்துலயே முதல் நர்ஸ் ஆகப் போறவ. நாரணாபுரத்துல எந்தத் தெருவுல கேட்டாலும் சொல்லுவாக, அழகுமீனா யாரு பேத்தின்னு. அடுத்த மாசம் விளக்கேத்துற விழாவாம். முதல் வருசப் பிள்ளைக எல்லாம் வெள்ளை உடுப்புல, கையில விளக்கோட நின்னு சத்தியம் பண்ணணுமாம். நான் இப்பவே சேலை எடுத்து வச்சுட்டேன்.

மத்தியானம், கூடப் படிக்கிற ஜெஸ்லின் புண்ணுக்குக் கட்டு மாத்தயில மயங்கி விழுந்ததை நடிச்சுக் காட்டினா. கண்ணை மேல சொருகி, அப்படியே கட்டில்ல சரிஞ்சு — சிரிச்சு சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி. "இன்னொரு தடவை செய்யி தாயி"ன்னேன். செஞ்சா.

14.8.2025, வியாழன்

காலேஜ்ல இருந்து போன். திங்கக்கிழமை வீட்டுல இருந்து ஒருத்தர் வரணுமாம். தீபாவளி சீசன் நேரம், மகனுக்கும் மருமகளுக்கும் பட்டாசுக் கம்பெனியில லீவு கிடையாது. நான்தான் போறேன். பரிசாத்தான் இருக்கும். வேற எதுக்குக் கூப்பிடப் போறாக?

18.8.2025, திங்கள்

பட்டுச்சேலை கட்டி, ஒரு கிலோ காராச்சேவு வாங்கிக்கிட்டு விருதுநகர் பஸ் ஏறினேன். வாட்ச்மேனுக்கு ஒரு கை, ஆபீஸ் பிள்ளைகளுக்கு ஒரு கை. "பேத்திக்குப் பரிசு"ன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். பிரின்சிபால் பியூலா மேடமும் ஒரு வாய் போட்டாக. அப்புறம் பொட்டலத்தை மெதுவாத் தள்ளி வச்சாக. "பாட்டி, பரிசு இல்ல. புகார்."

ஜெஸ்லின் ஊசியைக் கையில எடுத்தாலே மீனா பின்னால நின்னு "பிடிங்கடி, விழப் போறா"ங்காளாம். வகுப்பே சிரிக்குமாம். அந்தப் பிள்ளையோட அம்மா நர்சாம். "நர்சம்மா மகளுக்கே ரத்தம் ஆகல"ன்னு போன் குரூப்புல வேற போட்டுருக்கா. அந்தப் பிள்ளை பத்து நாளா வரலை. படிப்பே வேண்டாம்னு காரியாபட்டியில வீட்டோட உக்காந்துருச்சாம். அது திரும்பி வந்து, சரின்னு சொன்னாத்தான் மீனா விளக்குப் பிடிக்கலாமாம்.

"என் பேத்தி அப்படிப்பட்டவ இல்லை"ன்னேன். சொல்லயிலேயே அந்தக் கட்டில் கூத்து ஞாபகம் வந்துருச்சு. இன்னொரு தடவை செய்யின்னது யாரு?

வெடிக்கு மருந்து செலுத்துற ரூம்ல முப்பது வருசம் இருந்தவ நான். கையில வேலையோட இருக்கிறவளுக்குப் பின்னால நின்னு ஒருத்தி சத்தம் குடுத்தா, அவளைப் போர்மேன் அன்னைக்கே வெளிய அனுப்பிருவாரு. அம்புட்டும் தெரிஞ்சவ, வீட்டுக்குள்ள கைதட்டிருக்கேனே!

19.8.2025

மீனா போன் பண்ணினா. நான் எடுக்கலை.

24.8.2025, ஞாயிறு

மீனாவைக் கூட்டிக்கிட்டு காரியாபட்டி போனேன். ஜெஸ்லினோட அம்மா இன்பம் அங்க நர்ஸ். டூட்டி முடிஞ்சு வந்த உடுப்போடயே இருந்தாக.

மீனா, "தமாசுக்குத்தான் சொன்னேன், சாரி"ன்னா.

"எனக்குத் தமாசா இல்லியே"ன்னு சொல்லிட்டுச் சுவரைப் பாத்துச்சு அந்தப் பிள்ளை.

நான் சொன்னேன்: "நானும் சிரிச்சேன் தாயி. உன்னை ஒரு தடவை பாக்காமலேயே சிரிச்சேன்."

அதுக்குத்தான் திரும்பிப் பாத்துச்சு. உடனே மீனா அழ ஆரம்பிச்சுட்டா. "ஊசி எடுத்தா எனக்கும் கை நடுங்கும்டி. என்னைப் பாத்துருவாகன்னுதான் உன்னைக் காட்டிவிட்டேன்."

பிறகு ஜெஸ்லின், "அப்ப ஒண்ணு செய்யி. கட்டுப் போட்டுப் பழக எனக்கு ஆள் வேணும். வகுப்பு பூராவும் பாக்க நீதான் நோயாளி."

"எத்தனை நாளைக்கு?"

"எனக்குப் போதும்ங்கிற வரைக்கும்."

இன்பம் சிரிப்பை அடக்கிக்கிட்டு, காப்பி போடற சாக்குல உள்ள போயிட்டாக.

29.8.2025, வெள்ளி

மீனா போன்ல சொன்னா: முதல் நாளே ஜெஸ்லின் போட்டது தாடைக் கட்டாம்! நாடியில இருந்து உச்சி வரைக்கும் சுத்தி, அரை மணி நேரம் உக்கார வச்சுட்டாளாம். வகுப்பே உருண்டு சிரிச்சுச்சாம்.

"நீயும் சிரிச்சியா?"

"வாயைத் திறக்க முடிஞ்சாத்தானே அப்பத்தா!"

அவ சொன்ன வேகத்துல எனக்குப் புரையேறிருச்சு.

2.9.2025, செவ்வாய்

வார்டுல ஜெஸ்லின் கட்டு மாத்தினாளாம். பாதியில தலை சுத்தி உக்காந்துட்டாளாம். ஒருத்தரும் சிரிக்கலையாம். மீனா தட்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாளாம். அந்தப் பிள்ளை எந்திரிச்சு மீதியை முடிச்சிருச்சு.

8.9.2025, திங்கள்

பியூலா மேடம் ஜெஸ்லினைக் கூப்பிட்டுக் கேட்டாகளாம். "கோவம் இன்னும் போகலை மேடம். ஆனா அவ விளக்கோட நிக்கட்டும்"னு சொல்லிருக்கு. உள்ளதைச் சொல்ற பிள்ளை. மருமக கம்பெனி பூராவும் சொல்லிட்டா. எனக்குக் கால் தரையில இல்லை.

12.9.2025, வெள்ளி

என்னத்தைச் சொல்ல! அம்புட்டு விளக்கு, அம்புட்டு வெள்ளை உடுப்பு. சத்தியம் சொல்லயில மீனா குரல் மட்டும் எனக்குத் தனியாக் கேட்டுச்சு. பக்கத்துல இருந்தவக தோளை எத்தனை தடவை தட்டினேன்னு தெரியலை.

முடிஞ்சதும் ஜெஸ்லினைக் கூப்பிட்டேன், மூணு பேரும் போட்டோ எடுப்போம்னு.

"மீனா கூட இப்ப வேண்டாம் பாட்டி. உங்க கூட எடுத்துக்கிறேன்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. மீனா என் கையில இருந்து போனை வாங்கி, நாலடி பின்னால போய் நின்னா.

"கொஞ்சம் சிரி, ஜெஸ்லின்."

"நீ சொன்னா நான் சிரிக்கணுமோ?"ன்னு கேட்டுக்கிட்டே அது சிரிச்சிருச்சு. மீனா அந்த நேரம் பாத்து அமுக்கிட்டா.

படத்துல என் பேத்தி இல்லை. படம் நல்லா வந்துருக்கு.